சந்தோஷ் டிராபி ரிவ்யூ: சரக்கு நல்ல சரக்கு, கடைதான் சரியில்லை

இதுவரை நான் ரிவ்யூ எழுதியதெல்லாம் வெட் கிரைண்டர், டயர், இன்வெர்ட்டர் பேட்டரி இந்த வகைதான். காசு கொடுத்து வாங்கினோம், உழைத்ததா இல்லையா, அடுத்தவன் வாங்கலாமா வேண்டாமா, அவ்வளவுதான் விஷயம். அதே கணக்கில் ஒரு கால்பந்துப் போட்டியையும் எழுதிப் பார்க்கலாமே என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. 2022 மே 2-ம் தேதி கேரளாவில் மஞ்சேரியில் நடந்த சந்தோஷ் டிராபி ஃபைனலுக்கு டீசல் போட்டு, திங்கட்கிழமை வேலையைக் கெடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தவன் நான். அதற்கு அப்புறமும் ஒவ்வொரு வருஷமும் எங்கே நடக்கிறது, யார் ஜெயிக்கிறார்கள் என்று விடாமல் பார்த்து வருகிறேன். ஆக, பெட்டியைப் பிரித்த அன்றைக்கே ஐந்து ஸ்டார் போடுகிற ஆள் இல்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. சந்தோஷ் டிராபி என்பது மாநிலங்களுக்கு இடையே நடக்கும் தேசியக் கால்பந்துப் போட்டி. கிரிக்கெட்டுக்கு ரஞ்சி மாதிரி. மாநில அணிகளோடு ராணுவத்துக்காரர்களின் சர்வீசஸ் அணியும் ரயில்வே அணியும் சேர்ந்து ஆடும். 1941-ல் ஆரம்பித்தது, நான் போனது 75-வது போட்டி.

போக வைத்தது எங்கள் பட்டறையில் லேத் ஓட்டும் பையன். மலப்புறத்துக்காரன். அந்த ஏப்ரல் மாதம் முழுக்க அவனுக்கு வேலையில் கண் இல்லை. செமி ஃபைனலில் கேரளா கர்நாடகத்தை 7-3 என்று சாத்திய மறுநாள் காலையில் நட்டுகளையும் போல்ட்டுகளையும் மேஜை மேல் பரப்பி வைத்து, ஜெசின் என்கிற பையன் பாதியில் உள்ளே இறங்கி ஐந்து கோல் போட்டதை ஒவ்வொன்றாக எனக்கு நடத்திக் காட்டினான். இந்த நட்டு கர்நாடக கோல்கீப்பர், இந்த வாஷர் பந்து, இப்படி வந்தது, இப்படித் திரும்பியது. அரை மணி நேரம் போச்சு. கடைசியில், "அண்ணா, ஃபைனலுக்கு நீங்க வரணும். வண்டி உங்களோடது, டிக்கெட் என்னோடது" என்றான். பேரம் நியாயமாகத்தான் பட்டது.

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு, மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணா வழியாக மஞ்சேரி. நின்று நின்று போனால் நாலு மணி நேரம் ஆகும். அது நோன்பு மாதத்தின் கடைசி நாள், மறுநாள் பெருநாள். வழியெல்லாம் பெருநாள் துணி வாங்குகிற கூட்டம், அதற்கு நடுவே மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு பைக்கில் மூன்று மூன்று பேராகப் போகிற பையன்கள். பெரிந்தல்மண்ணா தாண்டியதும் வண்டி ஊர ஆரம்பித்தது. மேட்ச் இரவு எட்டு மணிக்கு, நாங்கள் ஐந்து மணிக்கே மஞ்சேரி எல்லைக்கு வந்துவிட்டோம், அப்படியும் ஸ்டேடியத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் முன்னாலேயே வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாகிவிட்டது. தோப்பு ஒன்றில் பார்க்கிங் என்று அட்டை எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே விடும்போது ஒரு தொகை, வெளியே எடுக்கும்போது 'ராத்திரி சார்ஜ்' என்று இன்னொரு தொகை. இதற்கே ஒரு ஸ்டாரைக் குறைத்திருப்பேன், ஆனால் தோப்புக்காரர் செய்ததற்குப் போட்டியை என்ன சொல்வது.

பையநாடு ஸ்டேடியம் ஒரு சரிவில் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் கேலரியில் ஏறும்போது நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்கு, அதாவது சாயங்காலத் தொழுகை அழைப்புக்கு, இன்னும் சில நிமிடங்கள். இந்த ஒரு காட்சிக்கே டிக்கெட் காசு செரித்துவிட்டது. படிக்கட்டு முழுக்க ஆட்கள், அத்தனை பேர் கையிலும் ஒரு பொட்டலம், மடியில் தண்ணீர் பாட்டில், ஊதுகுழல்கள் எல்லாம் காலடியில் சும்மா கிடக்கின்றன. பாங்கு கேட்டது. அவ்வளவு பெரிய கூட்டம் ஒரே நேரத்தில் பேரீச்சம்பழத்தைக் கடித்தது. பக்கத்தில் இருந்த பெரியவர், வேட்டி சட்டையில் எழுபது வயதுக்குக் குறையாது, கேட்காமலேயே என் கையில் இரண்டு பழமும் ஒரு துண்டு தர்ப்பூசணியும் வைத்தார். நான் நோன்பு இல்லை என்றேன். "பசி உண்டல்லோ?" என்றார். இருந்தது.

இந்தப் பெரியவரிடம்தான் நான் சந்தோஷ் டிராபியைப் படித்தேன் என்று சொல்லலாம். மேட்ச் தொடங்க இன்னும் நேரம் இருந்தது, அவருக்கோ பேச ஆள் வேண்டியிருந்தது. 1973 டிசம்பரில் எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் கேரளா முதல் முறையாகக் கோப்பை வாங்கியபோது மூங்கில் கட்டிய கேலரியில் தொங்கிக்கொண்டு பார்த்தவராம் அவர். எதிரே ரயில்வே. 3-2. மூன்று கோலும் கேப்டன் மணி போட்டது. தளிப்பறம்புக்காரரான டி.கே.எஸ். மணி அன்றிலிருந்து செத்துப்போகும் வரை 'கேப்டன் மணி'தான், வேறு பெயரே கிடையாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "கோச் உங்க ஆளு, தெரியுமோ?" என்றார். தெரியாது. சைமன் சுந்தர்ராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக இந்தியாவுக்குக் கோல் போட்ட தமிழ்நாட்டுக்காரர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாகப் போட்ட கோல் அதுதான், அப்புறம் நாம் அங்கே போகவே இல்லை. அவர்தான் கேரளாவின் முதல் கோப்பைக்குப் பயிற்சியாளர். மலப்புறத்துப் பெரியவர் சொல்லித்தான் கோயம்புத்தூர்க்காரனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபின் நானும் தேடிப் படித்தேன். முதலில் அந்தப் பெயர். சந்தோஷ் என்றால் மகிழ்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கோப்பை வாங்கினால் சந்தோஷம்தானே என்று. அது ஒரு ஊரின் பெயர். இன்றைய வங்கதேசத்தில் டாங்கைல் பக்கம் இருந்த சந்தோஷ் ஜமீன். அதன் ராஜா சர் மன்மதநாத் ராய் சௌத்ரி, இந்தியன் ஃபுட்பால் அசோசியேஷனின் தலைவராக இருந்தவர். 1939-ல் அவர் இறந்ததும் அவர் நினைவாக அந்தச் சங்கம் கொடுத்ததுதான் இந்தக் கோப்பை. இரண்டாம் இடத்துக்குக் கமலா குப்தா கோப்பை, அது ஒரு டாக்டர் தன் மனைவி பெயரில் கொடுத்தது. மூன்றாம் இடத்துக்குச் சம்பங்கி கோப்பை, மைசூரில் பெயர்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரின் நினைவில் மைசூர் சங்கம் கொடுத்தது. ஜமீன்தார், டாக்டரின் மனைவி, ஒரு ஆட்டக்காரர் என்று மூன்று கோப்பைக்கும் மூன்று மனிதர்கள். இப்போதைய போட்டிகளுக்கு சிமெண்ட் கம்பெனி பெயரும் பைக் கம்பெனி பெயரும் வைக்கிறார்களே, அதோடு ஒப்பிட்டால் எனக்கு இது பிடித்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'இந்தியன் ஃபுட்பால் அசோசியேஷன்' என்று பெயர் இருந்தாலும் அது உண்மையில் கல்கத்தாவில் இருந்த வங்காளச் சங்கம். நாட்டு கால்பந்தையே நாங்கள்தான் நடத்துவோம் என்று அவர்கள் நிற்க, மற்ற மாகாணங்கள் ஒத்துக்கொள்ளாமல் 1935-ல் தனியாக ஒன்றைத் தொடங்க, இழுபறி நடந்து 1937 ஜூனில் சிம்லாவில் ராணுவத் தலைமையகத்தில் உட்கார்ந்து பேசித்தான் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் பிறந்தது. சண்டை முடிந்த நாலு வருஷத்தில் வங்காளமே கோப்பையைக் கொடுத்தது. முதல் ஃபைனல் கல்கத்தாவில் நடந்தது. டெல்லியை 5-1 என்று அடித்து வங்காளமே கோப்பையை எடுத்துக்கொண்டது. மொய் வைத்தவரே முதல் பந்தியில் உட்கார்ந்த கதை. இன்றுவரை 33 முறை உட்கார்ந்துவிட்டார்கள், அடுத்ததாக இருக்கிற பஞ்சாப் 8 முறை.

ஆனால் வங்காளம் மட்டுமே ஜெயித்துக்கொண்டிருந்தால் இந்தப் போட்டியை யார் சீந்துவார்கள். ஜெயித்தவர் பட்டியலை வரிசையாகப் படித்தால் ஒவ்வொரு காலத்தில் கால்பந்து எந்த ஊரில் உயிரோடு இருந்தது என்று தெரிந்துவிடும். போர்க்காலத்தில் இரண்டு வருஷம் நின்று, 1944-ல் டெல்லி. 1946-ல் மைசூர். 1956, 1957 இரண்டு வருஷமும் ஹைதராபாத். ரஹீம் சாகிப்பின் ஹைதராபாத் அது, அதே 1956-ல் அவர் பயிற்சியில்தான் இந்தியா மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது இடம் வந்தது. அறுபதுகளில் ரயில்வே மூன்று தடவை. அப்புறம் மைசூர் இரண்டு, பஞ்சாப், கேரளா. 1974-ல் ஜலந்தரில் பஞ்சாப் வங்காளத்தை 6-0 என்று அடித்தது. அந்த ஒரே போட்டியில் இந்தர் சிங் போட்டது 23 கோல், கணக்கில் தப்பில்லை, இருபத்து மூன்று. எண்பதுகளில் கோவா வருகிறது. 1982-83-ல் கல்கத்தாவில் வங்காளமும் கோவாவும் இரண்டு நாள் மோதி இரண்டு நாளும் கோலே விழாமல் கோப்பையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதைக் காசு கொடுத்துப் பார்த்தவர்கள் என்ன ரிவ்யூ எழுதியிருப்பார்களோ. 2002-ல் மணிப்பூர், 2014-ல் மிசோரம். இன்றைக்கு இந்திய அணியின் பட்டியலில் வடகிழக்குப் பெயர்கள் இவ்வளவு இருக்கின்றனவே, அதற்கான அறிகுறி இந்தப் பட்டியலில் முன்னாலேயே வந்துவிட்டது.

பெயர்களும் மாறிக்கொண்டே வரும். ஹைதராபாத் காணாமல் போய் 1965-ல் ஆந்திரப் பிரதேசம் ஜெயிக்கும். பம்பாய் மகாராஷ்டிரம் ஆகும், மைசூர் கர்நாடகம் ஆகும். மாநிலச் சீரமைப்பைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டதற்குப் பதிலாக வாத்தியார் இந்தப் பட்டியலைக் கொடுத்திருந்தால் எனக்குக் கூடுதலாகப் பத்து மார்க் வந்திருக்கும்.

சரி, தமிழ்நாடு? இங்கேதான் வயிறு எரியும். பட்டியலை மேலிருந்து கீழ்வரை தேடினாலும் நாம் இல்லை. ஃபைனல் நடத்திய ஊர்கள் பட்டியலில் மட்டும் மெட்ராஸ் திரும்பத் திரும்ப வரும். 1954-ல் இங்கே வந்து பம்பாய் வாங்கிப் போனது, 1958-ல் வங்காளம், 1963-ல் மகாராஷ்டிரம், 1971-ல் மறுபடி வங்காளம், அப்புறம் கோவா, 1999-ல் கோவாவை 5-0 என்று அடித்து வங்காளம், 2009-ல் பெனால்ட்டியில் கோவா. பந்தல் போட்டது நாம், விருந்து சாப்பிட்டது எல்லாம் வெளியூர். நாமே ஃபைனல் வரை போனது இரண்டே முறை. 1972-ல் கோவாவில் வங்காளத்திடம் 1-4. சரியாக நாற்பது வருஷம் கழித்து 2012-ல் ஒடிசாவில் சர்வீசஸிடம் 2-3. அந்த 2012 ஃபைனல் நடந்ததே நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு நாலு வருஷம் கழித்துத்தான் தெரியும். கேரளா இப்படி ஒரு ஃபைனலில் தோற்றால் டீக்கடையில் பத்து வருஷம் பேசுவார்கள்.

கோயம்புத்தூருக்கும் ஒரு பங்கு உண்டு. 1992 ஃபைனல் எங்கள் ஊரில்தான் நடந்தது, கேரளா கோவாவை 3-0 என்று அடித்து வி.பி. சத்யன் தலைமையில் இரண்டாவது முறை கோப்பை வாங்கியது. மில்லில் ஸ்பின்னிங் பார்த்துக்கொண்டிருந்த என் அப்பா ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு என்னைக் கூட்டிப்போனார். எனக்கு ஞாபகம் இருப்பது இரண்டுதான். ஒன்று, எங்கள் ஊர் மைதானத்தில் எங்களைச் சுற்றி ஒரு தமிழ்க் குரல்கூடக் கேட்கவில்லை, அத்தனையும் பாலக்காட்டுப் பக்கம் இருந்து வந்த கூட்டம். இன்னொன்று, இடைவேளையில் அப்பா வாங்கிக் கொடுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தில் பாதிக்கு மேல் சொத்தை. சத்யன் பின்னால் சென்னையில் இந்தியன் வங்கி அணிக்கு வந்து நம்மிடையேதான் இருந்தார். அப்பாவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். "பந்தைப் பார்த்து ஆடமாட்டான், ஆளைப் பார்த்து ஆடுவான்" என்பார். டிஃபென்டரைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

மஞ்சேரிக்கு வருகிறேன். லீக் சுற்றில் வங்காளத்தைக் கேரளா ஏற்கெனவே 2-0 என்று தோற்கடித்திருந்ததால் லேத் பையன் மூன்று கோல் வித்தியாசம் என்று பந்தயம் கட்டியிருந்தான். தொண்ணூறு நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும், ஆட்டத்தின் தரம் சுமார்தான். கடைசிப் பாஸில் எல்லாம் கோட்டைவிட்டார்கள், இரண்டு பக்கமும் கோல் வாசலுக்கு முன்னால் வந்ததும் கால் நடுங்கியது. டிவியில் ஐரோப்பிய லீக் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் இருபது நிமிடம் கஷ்டமாகவே இருக்கும். அப்புறம் பழகிவிடுகிறது, ஏனென்றால் டிவியில் காதுக்குக் கேட்காதது எல்லாம் இங்கே கேட்கிறது. டிஃபென்டர் கோல்கீப்பரைத் திட்டுவது, ஷூ பந்தில் படும் சத்தம், லைன்ஸ்மேனை நோக்கிப் பெரியவர் தன் மூதாதையர் மொழியில் சொன்ன சில வார்த்தைகள்.

எக்ஸ்ட்ரா டைமின் முதல் பாதியில் வங்காளம் ஒரு கோல் போட்டது. திலீப் ஒராவ்ன். 25,000 பேருக்கு மேல் இருந்த இடம் ஸ்விட்ச் அணைத்த மாதிரி ஆயிற்று. எங்கோ கீழே ஒரு பத்து வங்காளிகள் குதிப்பது தனியாகக் கேட்டது. மலப்புறம் பக்கம் கட்டட வேலைக்கு வந்தவர்களாக இருக்க வேண்டும். யாரும் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார், பையன் என் தோளில் நகத்தைப் பதித்தான். முடிய நாலைந்து நிமிடம்தான் இருக்கும், வலது பக்கமிருந்து ஒரு கிராஸ் உயர்ந்து வந்தது, மாற்று ஆட்டக்காரர் சஃப்னாத் தலையால் தட்டினார். அப்புறம் எனக்குக் கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது. யாரோ என் மேல் விழுந்தார்கள், நான் யார் மேலோ விழுந்தேன், கண்ணாடி போய்விட்டது. இரண்டு படிக்கட்டு கீழே ஒருவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு யாருடையது என்று கத்திக்கொண்டிருந்தார். ஒரு கால் வளைந்திருந்தது, மற்றபடி சேதமில்லை.

பெனால்ட்டியில் வங்காளம் ஒன்றைத் தவறவிட்டது, கேரளா ஐந்தையும் போட்டது. 5-4. ஏழாவது கோப்பை. சொந்த மண்ணில் 1993 கொச்சிக்குப் பிறகு இப்போதுதான். கேப்டன் ஜிஜோ ஜோசப் கோப்பையைத் தூக்கும்போது வாணவேடிக்கை ஸ்டேடியத்திலா, பெருநாளுக்காக ஊரிலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெரியவர் அழவெல்லாம் இல்லை. மிச்சம் இருந்த பேரீச்சம்பழத்தைப் பொட்டலம் கட்டி என் சட்டைப்பையில் போட்டுவிட்டு, கூட்டம் கலையும் முன் போக வேண்டும் என்று இறங்கிப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

இதுவரை படித்தால் ஐந்து ஸ்டார் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள்.

மஞ்சேரி ஜுரத்தில் நானும் பையனும் அடுத்த சீசனில் இன்னொரு ஊருக்கும் ஒரு தகுதிச்சுற்று ஆட்டம் பார்க்கப் போனோம். ஊர் பெயர் வேண்டாம். வேலை நாள், மத்தியானம், உச்சி வெயில். டிக்கெட்டே கிடையாது, கேட் திறந்து கிடந்தது, உள்ளே நாங்கள் இரண்டு பேர், ஆட்டக்காரர்களின் சொந்தக்காரர்கள் என்று தெரிந்த ஒரு முப்பது பேர், நிழல் தேடி வந்த ஒரு ஐஸ் வண்டிக்காரர். எந்த அணி எது என்று எழுதிவைக்க ஒரு பலகை இல்லை. ஸ்கோர் கேட்டால் ஐஸ் வண்டிக்காரர்தான் சொன்னார். ஊருக்குள் விசாரித்தபோது பஸ் ஸ்டாண்டில் ஒருவருக்கும் இப்படி ஒரு போட்டி நடப்பது தெரியவில்லை. அங்கே ஆடியவர்களும் மாநிலத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஆடினார்கள். ஆட்டமும் மோசமில்லை. பார்க்கத்தான் ஆளில்லை.

இதைத்தான் கடை சரியில்லை என்கிறேன். இதன் உச்சம் 2023. செமி ஃபைனலையும் ஃபைனலையும் தூக்கிக்கொண்டு போய் சவுதியில் ரியாத்தில் வைத்தார்கள். பிரமாண்டமான கிங் ஃபஹத் ஸ்டேடியம், கம்பளம் மாதிரிப் புல், வெளிச்சம், எல்லாம் முதல் தரம், இருக்கைகள் மட்டும் காலி. அந்த வருஷம் ஃபைனலில் யார் யார் தெரியுமா? கர்நாடகமும் மேகாலயமும். கர்நாடகம் மைசூர் என்ற பெயரில் கடைசியாக ஜெயித்தது 1968-69-ல், அதுவும் பெங்களூரிலேயே. 54 வருஷம் காத்திருந்து 3-2 என்று ஜெயிக்கிறார்கள், அதைப் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பந்தோடு பிறந்து வளர்ந்த கிழவர்கள் நேரில் பார்க்க வழியில்லை. மேகாலயத்துக்கோ அது முதல் ஃபைனல். ஷில்லாங்கில் வைத்திருந்தால் ஊரே கூரை மேல் ஏறி நின்றிருக்கும். கல்யாணத்தை நட்சத்திர ஹோட்டலில் வைத்துவிட்டு இரண்டு வீட்டுச் சொந்தக்காரர்களையும் கூப்பிடாமல் விட்ட மாதிரி. பாலைவனத்தில் வேலை பார்க்கிற நம் ஆட்களுக்கு ஒரு சந்தோஷம் என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது, வந்த கொஞ்சம் பேரும் அவர்கள்தான். ஆனாலும் ஃபைனலைக் கொண்டுபோய் வைக்கிற இடம் அது இல்லை.

அப்புறம் அருணாச்சலில் யூபியா, அடுத்து ஹைதராபாத் என்று திரும்பி வந்தது நல்லது. சர்வீசஸ் 2012-லிருந்து 2024 வரை எடுத்துக்கொண்டால் ஆறு முறை வாங்கிவிட்டார்கள், யூபியாவில் கோவாவை 1-0 என்று அடித்தது ஆறாவது. ராணுவத்துப் பையன்கள் வருஷம் முழுக்க ஒன்றாகவே ஆடுகிறவர்கள். மற்ற மாநிலங்கள் கடைசி நேரத்தில் ஆள் பிடித்து இரண்டு வாரம் கேம்ப் போட்டு வருகின்றன. ஜெயிக்காமல் என்ன செய்வார்கள்.

இன்னொரு குறை எல்லோரும் சொல்வது, பெரிய ஆட்டக்காரர்கள் யாரும் இங்கே ஆடுவதில்லை என்பது. உண்மைதான். ஒரு காலத்தில் நாட்டு அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் இங்கேதான் வந்து உட்காருவார்கள். 1996-ல் நேஷனல் லீக், 2014-ல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) என்று கிளப் போட்டிகள் வந்தபின் பணமும் பெயரும் கிளப் பக்கம் போய்விட்டது. நான் இதைக் குறையாகப் பார்க்கவில்லை. இங்கே ஆடுகிறவன் யார்? கல்லூரிப் பையன், போலீஸ் கான்ஸ்டபிள், வங்கியில் கிளார்க், வேலையே இல்லாதவன். இங்கே நன்றாக ஆடினால் ரயில்வேயிலோ போலீஸிலோ வங்கியிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை, பென்ஷன், வீட்டில் அம்மாவுக்கு நிம்மதி. ஒரு கோலுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் வாடகை நிற்கிறது. அதனால்தான் பாஸ் தப்பினாலும் ஓட்டம் நிற்பதில்லை. மலப்புறத்துப் பையன்கள் பாதிப் பேர் செவன்ஸ் ஆடிக் காசு பார்க்கிறவர்கள், வயலில் தற்காலிக கேலரி கட்டி ஏழு ஏழு பேராக ஆடுவார்களே அது. மஞ்சேரியில் கூட்டம் ஏன் அப்படி வந்தது என்பதற்கும் அதுதான் காரணம், மேலே ஆடுகிறவன் பக்கத்து வீட்டுப் பையன்.

இனி மதிப்பெண். டிக்கெட் விலைக்குக் கிடைத்த சரக்கு: ஐந்துக்கு ஐந்து. ஆட்டத்தின் தரம்: மூன்று. எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே தெரிவிப்பது: ஒன்று, அதுவும் இரக்கப்பட்டு. தமிழ்நாட்டுக்காரனுக்கு மனத்திருப்தி: நம் பெயர் பட்டியலில் வரும்போது போட்டுக்கொள்கிறேன். கேரளா, வங்காளம், மணிப்பூர், கோவா இந்தப் பக்கம் நடந்தால் யோசிக்காமல் போகலாம். வேறு எங்கே என்றாலும் உள்ளூரில் ஒருவரிடம் விசாரித்துவிட்டுப் போங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கயிறு கட்டிக்கொள்வது நல்லது.

கடைசியாக நாங்கள் பார்த்தது 2024 டிசம்பர் 31, ஹைதராபாத்தில் ஃபைனல், மறுபடியும் கேரளாவும் வங்காளமும். பட்டறையில் எல்லோரும் புத்தாண்டுக்குக் கேக் வாங்கப் போயிருக்க, நானும் லேத் பையனும் அவன் மொபைலை வைஸில் மெதுவாகக் கடிக்கவைத்து நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். 0-0. தொண்ணூறு தாண்டிவிட்டது, எக்ஸ்ட்ரா டைம்தான் என்று நான் டீ சொல்ல எழுந்தேன். ஸ்ட்ரீம் நின்றுவிட்டது. வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, திரும்பி வந்தபோது வங்காளத்துக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் கிடக்கிறார்கள். ரொபி ஹான்ஸ்டா, இஞ்சுரி டைமில். அந்தப் போட்டியில் அவருக்குப் பன்னிரண்டாவது கோல், வங்காளத்துக்கு 33-வது கோப்பை. அந்த அணிக்கு மாநில அரசு வேலை அறிவித்ததைச் சில நாள் கழித்துப் படித்தோம்.

பையன் வைஸைத் தளர்த்தி மொபைலை எடுத்தான். கேக் வந்தது, சாப்பிடவில்லை. லைட்டை அணைத்துவிட்டு ஷட்டரை இழுக்கும்போது, "அடுத்தது எந்த ஊருன்னு இன்னும் சொல்லலைங்ணா" என்றான்.